எழுதாத பாத்திரத்துக்கு ஒரு கதிரை

மாட்டுக்கு ஊசி போடுகிறவன் சொல்லுகிற பேய்க்கதையை யார் நம்பப்போகிறார்கள், நீங்களும் நம்பவேண்டாம், கேட்டுவிட்டுப் போங்கள். நான் கால்நடைக் கந்தோரில் வேலை செய்கிறவன். வேலணைத் தீவில் எந்த வீட்டில் பசு கன்று போட முடியாமல் கிடந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நேரகாலம் பார்க்காமல் பனங்கூடலுக்குள்ளாலும் சுடலை ஓரத்தாலும் மோட்டார் சைக்கிளில் போய் வந்திருக்கிறேன், ஒரு முனியும் என்னை மறிக்கவில்லை, மறித்ததெல்லாம் நாய்தான். பேய் கண்டேன், ஆவி கண்டேன் என்று யாராவது தொடங்கினால் "என்ன குடிச்சனீர்?" என்று கேட்கிற வாய் என்னுடையது. கோவிலுக்கே மோதகத்துக்காகப் போகிறவன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவைப்பது எதற்கென்றால், முடிவில் நீங்கள் என்னைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பீர்கள். அன்று நான் குடித்தது தேத்தண்ணி மட்டும். அதுவும் பட்டப்பகல்.

அதே தீவில், சரவணை என்கிற ஊரில் பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. துஷி அக்கா அதைக் கேட்டு வாங்கி, கூட்டித் துடைத்து, நாடக இடமாக்கினார். அவர் நாடகம் படித்தவர், வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். முடிந்த நாடகத்தை எல்லாரும் போடுகிறார்கள், முடியாத நாடகத்துக்கு ஒரு இடம் வேண்டாமா என்பது அவருடைய வாதம். பாதி எழுதின நாடகமோ, வெறும் யோசனையோ, எது இருந்தாலும் அங்கே கொண்டுவந்து வைத்து வளர்க்கலாம். ஒரு கட்டத்தில் ஊரைக் கூப்பிட்டு, இருக்கிறபடியே காட்டுவோம். ரிக்கற் கிடையாது. இலாப நோக்கமற்ற அமைப்பு என்று பதிந்திருக்கிறோம். நோக்கம் எப்படியோ, இலாபம் இல்லை என்பது சத்தியம். ஊர்ச்சனம் அதற்கு 'அரைவேக்காடு' என்று பேர் வைத்தது. கோபித்துப் பயனில்லை என்று துஷி அக்காவே கடைசியில் அந்தப் பேரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். நான் அங்கே போனது நாடகம் பார்க்க அல்ல, துஷி அக்காவின் ஆட்டுக்கு வயிறு ஊதினதைப் பார்க்க. ஆடு தப்பிவிட்டது, நான் தப்பவில்லை. வயர் இழுப்பது, லைற் போடுவது, கூட்டத்தை அதட்டுவது எல்லாம் என் தலையில் விழுந்தது.

அங்கே இரண்டு வழக்கம் இருந்தது. ஒன்று, இன்னும் எழுதாத பாத்திரத்துக்கு ஆள் போடுவதில்லை, ஆள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கதிரை போடுவோம். நடிக்கிறவர் தன்னுடைய வசனத்தைச் சொல்லிவிட்டு, கதிரை பதில் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் நிற்கவேண்டும். எவ்வளவு நேரம் என்று கணக்கில்லை, மனத்துக்குள் பதில் கேட்டு முடிகிற நேரம். அந்த மௌனத்தில்தான் நாடகம் வளரும் என்பார் துஷி அக்கா. ஊருக்கு அது விசர்க்கூத்து. மற்றது, நாடகம் முடிந்ததும் சனம் குறை சொல்லலாம், நடித்தவர் வாய் திறக்கக்கூடாது. விளக்கம் சொல்லக்கூடாது, திருப்பிக் கேட்கவும் கூடாது. முன்னால் கிடக்கிற மர வாங்கில் இருந்து வாங்கிக்கட்டவேண்டியதுதான். சனத்திடம் கேள்வி கேட்கிற உரிமை எனக்கு மட்டும். எங்கள் தீவுச் சனத்துக்கு இதைவிட ஒரு திருவிழா வேண்டுமா? கலியாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு சோற்றில் குறை சொல்லாவிட்டால் செமிக்காத சனம். ஒரு ஆளின் வாயைக் கட்டி முன்னுக்கு இருத்திவிட்டு 'இனி அடியுங்கோ' என்றால் விடுவார்களா? அழுதுகொண்டு எழும்பிப் போனவர்கள் உண்டு. மற்ற முறை அவர்களும் வந்து சனத்தோடு சேர்ந்து இருந்து அடுத்த ஆளை அடிப்பார்கள்.

ஜெசிந்தா நெடுந்தீவுப் பிள்ளை. முன்பள்ளி ரீச்சர். சரவணையில் புதிதாகக் குடிவந்த தன் அக்கா வீட்டில் நின்று வேலைக்குப் போவாள், சனி ஞாயிறு படகேறி நெடுந்தீவில் மாமியாரிடம் போவாள். புருசன் அன்ரன், ஏஜென்சிக்காரனை நம்பி ரஷ்யாவுக்குப் போய், அங்கிருந்து காடு வழியாக எல்லை தாண்டி ஐரோப்பாவில் இறங்கப் போனவன். "நாளைக்குக் காடு தாண்டுறம், போனில சார்ச் இல்லை, தாண்டிப்போட்டு எடுக்கிறன்" என்று சொன்னதுதான் கடைசி. வருஷங்கள் போய்விட்டன. கூடப் போனவர்களில் ஒருவர், நடக்க ஏலாமல் வழியில் இருந்துவிட்டான் என்றார். இன்னொருவர், நான் காணவில்லை என்றார். பிறகு இரண்டு பேரும் போன் எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

ஜெசிந்தா கேட்டது பெரிய விஷயமில்லை. வேதக்காரர், கத்தோலிக்கர்தான், கார்த்திகை மாதத்தில் செத்தவர்களுக்காக ஆத்துமப் பூசை கொடுப்பார்கள். அன்ரனின் பேரில் ஒரு பூசை, அவ்வளவுதான். கொடுத்தால் அவனுக்கும் இளைப்பாற்றி, இவளுக்கும் ஒரு முடிவு. மாமியார் செபமாலை அம்மா விடவில்லை. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செத்த பூசையோ என்று கோவில் வாசலில் வைத்து, சனம் பார்க்க, மருமகளின் கன்னத்தில் அறைந்தார். பெற்ற தாய் மறிக்கிறபோது சுவாமியாரும் பூசை வைக்கமாட்டார். ஜெசிந்தாவுக்குக் கழுத்தில் தாலி இருந்தது, அந்தத் தாலிக்குப் பதில் சொல்ல ஆளில்லை.

நேரே சொல்ல முடியாததை நாடகமாகச் சொல்லலாம் என்று துஷி அக்கா அவளைக் கூட்டிவந்தார். கதை லேசு: மனைவி புருசனைப் பார்த்துக் கேள்வி கேட்கிறாள். ஏன் எடுக்கவில்லை, எங்கே நிற்கிறாய், செத்துவிட்டாயா, செத்திருந்தால் அதையாவது சொல்லு. மாமியாரைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தி இதைக் கேட்கவைத்தால் மனம் இளகும், பூசைக்கு விடுவார் என்று ஜெசிந்தா நம்பினாள். அன்ரனின் பதில்களை மட்டும் அவளால் எழுத முடியவில்லை. ஆகவே கதிரை. சங்கக்கடை மனேச்சர் இருந்த பழைய இரும்புக் கதிரை.

செபமாலை அம்மா கடைசிப் படகைப் பிடிக்கவேண்டும் என்பதால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தோம். கொடும் வெயில், கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. சரவணைச் சனத்துக்கு அந்த அம்மாவையும் தெரியாது, அன்ரனையும் தெரியாது, ஜெசிந்தாவின் கதையையும் நாங்கள் சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் நின்றது மேடைப் பக்கம், கதிரைக்குப் பின்னால் சுவிச்சடியில். எனக்குத் தெரிந்தது கதிரையின் முதுகும் சனத்தின் முகங்களும்.

"இஞ்சேருங்கோ, போன் எடுக்கிறன் எண்டு சொன்ன வாய் எங்க போச்சு?" என்று தொடங்கினாள். பிறகு மௌனம். அந்த மௌனத்தில் சனம் சிரித்தது.

ஒருவர் இருவர் இல்லை, முழுச் சனமும் ஒரே நேரத்தில், ஒரு பகிடியைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. ஆடு ஏதும் உள்ளே வந்துவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். ஆடும் இல்லை, மாடும் இல்லை. ஜெசிந்தா திகைத்துப்போய் அடுத்த வசனத்துக்குப் போனாள். அவள் ஏசினாள், மௌனம். இந்தமுறை சிரிக்கவில்லை. முன்னால் இருந்த பெண்கள் "ச்சூ ச்சூ" என்றார்கள், ஒருவர் கண்ணைத் துடைத்தார். அவள் பேசும்போது முகத்தைச் சுளித்தார்கள், அவள் பேசாமல் நிற்கும்போது வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எல்லாருடைய கண்ணும் கதிரையில், ஆள் இருந்தால் தலை இருக்கிற உயரத்தில். சனம் எங்களை வைத்துப் பகிடி பண்ணுகிறது என்றுதான் நினைத்தேன், வேறென்ன நினைப்பது, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செபமாலை அம்மா சிரிக்கவில்லை, அழவுமில்லை. தான் இருந்த கதிரையின் நுனிக்கு வந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பார்த்தபடி இருந்தார்.

"எங்க கிடக்கிறியள் எண்டாவது சொல்லுங்கோவன்" என்பது கடைசி வசனம். அதற்குப் பிறகு ஜெசிந்தா நெடுநேரம் பேசாமல் நின்றாள். அவ்வளவு நேரம் சத்தமில்லாததால் குசினியில் நின்றவர்கள் நாடகம் முடிந்துவிட்டதென்று நினைத்துத் தட்டத்தோடு வந்துவிட்டார்கள். தேத்தண்ணியும் உழுந்து வடையும். கதிரைகள் அரைபட்டன, கோப்பைகள் தட்டுப்பட்டன, முடிந்தது முடிந்ததுதான் என்று நானும் லைற்றை அணைத்தேன். ஜெசிந்தா வழக்கப்படி வாங்கில் போய் இருந்து தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரின் முகத்தைப் பார்க்கப் பயம்.

செபமாலை அம்மா எழும்பி மேடைப் பக்கம் வந்தார். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார், வயதான மனுசி, தலை சுற்றுகிறதாக்கும் என்று நினைத்தேன். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கதிரையில் வைத்தார். பிறகு மருமகளைத் திரும்பியும் பார்க்காமல் வாசலுக்குப் போய்விட்டார். வெளியே ஓட்டோ நின்றது. போத்தலை மறந்துபோனார், இந்த வெயிலில் படகில் என்ன செய்வார் என்று நான் எட்டி அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"அம்மா, போத்தலை விட்டிட்டுப் போறியள்."

அவர் ஓட்டோவில் ஏறி இருந்துவிட்டார். என் கையையும் போத்தலையும் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எதற்கு ஒப்பிட்டுச் சொல்ல, கன்றைத் தூக்கிக்கொண்டு போகும்போது பசு பார்க்குமே, அது.

"விட்டிட்டு வரேல்லைத் தம்பி. வைச்சிட்டு வந்தனான்."

ஓட்டோ போய்விட்டது. கிழவிக்கு வயதுபோய் அறளை பெயர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு போத்தலோடு திரும்பி வந்தேன். வந்ததும் வராததுமாகக் குறை கேட்கத் தொடங்கினேன்.

முதலில் பூமணி அக்கா. ஒரு நாடகமும் தவறவிடாதவர், ஒரு நடிகரையும் தப்பவிடாதவர்.

"உந்தப் பிள்ளைக்கு நடிப்பு வராது. நடிச்சதெண்டா, கதிரையில இருந்த தம்பிதான் நடிச்சவர்."

"பகிடி விடாதேங்கோ அக்கா" என்றேன்.

"என்ன பகிடி? ஆளை எங்க பிடிச்சனீங்கள்? வேஷம் எண்டா அதுதான் வேஷம். இந்த வெக்கைக்குள்ள நீல ஜக்கெற்றை இழுத்து மூடிக்கொண்டு அந்த நடுக்கம் நடுங்கினவர். ஒரு காலில சப்பாத்து, மற்றக் காலுக்குக் கடைப்பையைச் சுத்திக் கட்டியிருந்தவர்."

ஜெசிந்தாவின் தலை நிமிர்ந்தது. நீல ஜக்கெற்றைப் பற்றி நாடகத்தில் ஒரு சொல்லும் இல்லை. ரஷ்யாவில் அதைப் போட்டுக்கொண்டு அன்ரன் எடுத்து அனுப்பின படம் அவளுடைய போனில் இருந்தது, எனக்கே அது பிறகுதான் தெரியும்.

"சிரிச்சியளே, ஏன் சிரிச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"போன் எடுக்கேல்லை எண்டு உவ ஏசினா. காட்டு மரத்தில புளக் பொயின்ற் இல்லையப்பா எண்டு அவர் சொன்னார். சிரிக்காமல் என்ன செய்யிறது?"

பிறகு கந்தையர், தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறினவர், நியாயம் பேசுகிறவர். "எனக்கு ஒண்டு விளங்கேல்லை. அந்தாள் தண்ணி கேக்குது, கேக்குது, கெஞ்சிக் கேக்குது. பெண்சாதி காதிலயும் விழுத்தாமல் தன்ரபாட்டில ஏசுது. விடாய்ச்ச மனுசனுக்கு ஒரு மிடறு தண்ணி குடுக்காத பெண்சாதி எந்த ஊரில இருக்கிறா? நாங்கள் தெருநாய்க்கும் தண்ணி வைக்கிற சனம்."

எல்லாரும் "ஓம் ஓம்" என்றார்கள். ஒவ்வொருவராக எழும்பி அதையே சொன்னார்கள். கல்நெஞ்சுக்காரி. முகத்தையும் பார்க்காதவள். புருசன் உடம்பு ஏலாமல் இருந்து கதைக்க, வேறெங்கோ பார்த்துக்கொண்டு வசனம் ஒப்புவிக்கிறவள். ஜெசிந்தா வாங்கில் இருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி நின்றாள்.

"எங்க எண்டு சொன்னவர்?"

"பிள்ளை, நடிச்சவை கதைக்கக்கூடாது" என்றார் கந்தையர். "அது இஞ்சத்தைச் சட்டம்."

"ஐயா, எங்க கிடக்கிறன் எண்டு சொன்னவரோ?"

"இருங்கோ பிள்ளை. சட்டம் சட்டம்தான்."

துஷி அக்கா அவளைப் பிடித்து இருத்தினார். நான்தான் கேட்டேன், கேட்கிற உரிமை எனக்கு மட்டும்தானே. கடைசியில் அவர் என்ன சொன்னவர், எந்த இடம் என்று சொன்னவர்?

"வடிவாச் சொன்னவர்" என்றார் பூமணி அக்கா. "என்ன ஊர், எந்த ஆறு, ஆத்துக்கு எந்தக் கரை, பக்கத்தில என்ன மரம் எண்டு ஆறுதலா எல்லாம் சொன்னவர். அப்பதானே தேத்தண்ணி வந்தது. நான் வடையை எடுக்கத் திரும்பினன்."

கந்தையரைக் கேட்டேன். அவர் தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்தவரைக் கேட்டேன், அதற்கடுத்தவரைக் கேட்டேன். ஒவ்வொரு வரிசையாகக் கேட்டேன் என்றால் நம்புங்கள். கதிரையில் இருந்தவர் இடத்தைச் சொன்னது எல்லாருக்கும் தெரியும், என்ன சொன்னார் என்பது ஒருவருக்கும் தெரியாது. அவர்களுக்கு அது நாடகத்தில் ஒரு வசனம், அவர்களை நான் எப்படி ஏசுவது? ஆனாலும் அந்த நேரத்தில் அந்த வடைத் தட்டத்தைத் தூக்கி ஒவ்வொருவருடைய தலையிலும் அடிக்கவேண்டும்போல் இருந்தது.

"ஒண்டு சொல்லவேணும்" என்றார் பூமணி அக்கா, இந்தமுறை என்னைப் பார்த்து. "முடிவுதான் திறம். அந்தக் கிழவி வந்து தண்ணிப் போத்தலை வைக்க, அவர் கையை நீட்டுறார், விரல் போத்தலில படமுந்தி நீர் வெடுக்கெண்டு பறிச்சுக்கொண்டு ஓடினீர் பாரும். படுபாவி எண்டு நான் வாய்விட்டு ஏசினனான். நல்ல நடிப்புத் தம்பி. கல்லும் கரையும்."

சனம் கை தட்டியது. அரைவேக்காட்டில் அதுவரைக்கும் யாரும் கை தட்டினதில்லை. போத்தல் என் கையில்தான் இருந்தது. ஜெசிந்தா வந்து அதைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, கதிரையில் வைத்தாள். அதையும் நாடகம் என்று நினைத்துச் சனம் இன்னொருமுறை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனது. பொழுதுபடும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஒரு சொட்டும் குறையவில்லை.

பூசையாவது நடந்ததா என்று கேட்பீர்கள். செபமாலை அம்மா படகால் இறங்கி நேரே சுவாமியாரிடம் போயிருக்கிறார். "என்ர பிள்ளை இருக்கிறான் சுவாமி, என்ர கண்ணால கண்டனான். செத்தவன் செபம் கேப்பான். தண்ணி கேக்கிறவன் உயிரோட இருக்கிறவன்" என்று சொல்லியிருக்கிறார். நெடுந்தீவு முழுக்கச் சொன்னார். கண்ட தாய்க்கு முன்னால் காணாத மனைவி என்ன கதைப்பது? பூசை இல்லை. இனி அந்த மனுசி கண்ணை மூடும்வரைக்கும் இல்லை. இளகவைக்கக் கூப்பிட்ட இடத்தில் அவருடைய மனத்தைக் கல்லாக்கி அனுப்பினோம். எனக்கு இதுதான் ஆறவில்லை, பேய் வந்ததோ வராததோ அல்ல.

ஜெசிந்தா பிறகு நடிக்கவில்லை. ஆனால் ஒரு நாடகமும் தவறவிடுவதில்லை. சனத்தின் பக்கம் இருந்தவர்களுக்குத்தானே தெரிந்தது, ஆகவே அவளும் அந்தப் பக்கம், முன்வரிசையில், மடியில் தண்ணீர்ப் போத்தலோடு வந்து இருப்பாள். மேடையில் எந்தக் கதிரை கிடந்தாலும் கண் வெட்டாமல் பார்ப்பாள். அவளுக்கு இன்றுவரை ஒன்றும் தெரியவில்லை. நான் அந்தப் பக்கம் இருப்பதே இல்லை. நம்பாதவனுக்கு என்ன பயம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்டுவிட்டுப் போங்கள்.

போன மாதம் ஒரு பகிடி நாடகம். நான் வாசல்நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். முடிந்ததும் நாரந்தனையிலிருந்து முதல்முறை வந்த ஒரு பெண் எழும்பினார், நாடகத்தை விட்டுவிட்டு ஜெசிந்தாவைப் பிடித்தார்.

"நாடகத்தை எங்க பாக்க விட்டவை? முன்னுக்கு இருந்த இந்தப் பிள்ளையின்ர மனுசன் துவக்கத்தில இருந்து தண்ணி கேக்குது. இவ போத்தலை மடியில வைச்சுக்கொண்டு திரும்பியும் பாக்கேல்லை. உங்கட சண்டையை வீட்டில வையுங்கோ."

ஜெசிந்தா பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். அதில் பூமணி அக்காவின் குடை இருந்தது. மற்றப் பக்கம் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் அக்கா?" என்று கேட்டாள்.

"இனிக் கேட்டென்ன? இப்பதான் எழும்பி அந்தக் கதவால போனவர்."

அந்தக் கதவில் நின்றது நான். என்னைக் கடந்து ஒருவரும் போகவில்லை, கோவிலில் வைத்தும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் சற்று முன் யாருக்கோ வழிவிடுவதற்காக நான் நிலையை விட்டு விலகி நின்றேன், அது நல்ல ஞாபகம். யாருக்கு என்பதுதான் ஞாபகம் இல்லை.